மூன்று கறுப்பில் கடைசிக் கட்டை

ஜனவரி 27, சனி

நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சியில் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தூத்துக்குடித் துறைமுகத்தில் கடல் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அச்சடித்திருக்கிறார்கள். என் மனைவி குளோரி சமையல் குறிப்பு எழுதலாம் என்று எடுத்து வைத்திருந்தாள். இன்று நான் பிடுங்கிக்கொண்டேன். எழுதி வைக்க வேண்டிய நாள் அல்லவா?

ஜெமிமா தேர்வாகிவிட்டாள்!

பழைய மாணவர் ஒருவர் அவள் பள்ளிக்கு நிஜப் பியானோ ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார். அதை வைத்து அடுத்த மாதம் 24ஆம் தேதி பியானோ விழா நடத்துகிறார்கள். கலந்துகொள்ள விரும்பும் பிள்ளைகள் வீட்டில் வாசித்து வீடியோ அனுப்ப வேண்டும் என்றார்கள். வந்தது நாற்பத்தொன்று, எடுத்தது பன்னிரண்டு. ஐந்தாம் வகுப்பில் என் மகள் ஒருத்திதான். சொல்லிக் கொடுத்தது நான். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கடைசி நிகழ்ச்சி 'பெற்றோரும் பிள்ளையும்'. அப்பாவோ அம்மாவோ பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கலாமாம். படிவத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். குளோரி எட்டிப் பார்த்தாள்.

"நீங்க பியானோல வாசிச்சிருக்கீங்களா?"

"பத்து வருசமா சர்ச்சுல என்னத்த வாசிக்கேன்?"

"அது கீபோர்டு."

கட்டை கட்டைதான் என்றேன். அவள் தபால் நிலையக் கவுன்ட்டரில் வேலை பார்ப்பவள். கையெழுத்தைச் சரிபார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி 28, ஞாயிறு

ஆராதனை நன்றாக நடந்தது. எங்கள் சபைக் குருவானவரின் மனைவியை ஐயரம்மா என்போம். பாடகர் குழுவை நடத்துவது அவர்கள்தான். கொஞ்சம் மேலே போனாலும் அவர்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அதனால் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானைக் கீழே இரண்டு தடவை அழுத்திவிடுவேன். வாத்தியம் முழுவதும் சுருதி இறங்கிவிடும். என் விரல் மட்டும் எப்போதும் போல 'சி'யில் ஆரம்பித்து வெள்ளைக் கட்டைகளிலேயே நடந்து போகும். வெளியூரிலிருந்து யாராவது உச்சத்தில் பாட வந்தால் பொத்தானை மேலே அழுத்துவேன். விரல் அதே இடம்தான்.

"கிருபா அண்ணனுக்கு எந்தச் சுருதியும் தண்ணி பட்ட பாடு" என்று குழுவில் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை.

வீட்டில் இருப்பது சபையின் பழைய கீபோர்டு. பல்லி ஒன்று உள்ளே போய்ச் செத்ததில் அதன் சின்னத் திரை அணைந்துவிட்டது. புதியது வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஜெமிமா அதில்தான் பழகினாள்.

ஜனவரி 31, புதன்

கேஸ் வந்தது. தெருமுனையில் கேஸ்காரர் சிலிண்டரை ஸ்பேனரால் தட்டியதும், "அப்பா, அது ஜி" என்றாள் ஜெமிமா. ஓடிப் போய் ஜி கட்டையை அமுக்கிக் காட்டினாள். அச்சு அசலாக அதே சத்தம். குக்கர் விசில் ஈ, துறைமுகச் சங்கு ஏ. நான் தும்மினால் சி என்கிறாள். எனக்கு இப்படியெல்லாம் கேட்டதே இல்லை. பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 3, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

இன்று பள்ளியில் முதல் ஒத்திகை. பெற்றோர் பின்வரிசையில் உட்காரலாம் என்றார்கள். இசை ஆசிரியை ஷீபா மிஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஜெமிமா ஐந்தாவது. அவளுக்குக் கொடுத்திருப்பது 'ஓடம்' என்று ஒரு பக்கப் பாட்டு. மிஸ் கொடுத்த தாளில் புள்ளிகளுக்குக் கீழே நான் பென்சிலால் சி, டி, ஈ என்று எழுதித் தந்து, ஒவ்வொரு விரலாகச் சொல்லிக் கொடுத்த பாட்டு. வீட்டில் தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பாள்.

உட்கார்ந்தாள். முதல் கட்டையை அமுக்கினாள். சுட்டுக்கொண்ட மாதிரி கையை எடுத்துவிட்டாள். மறுபடி அமுக்கினாள், மறுபடி எடுத்தாள். மூன்றாவது தடவை நாலைந்து கட்டை போனாள், அதற்குப் பிறகு விரல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு எங்கெங்கோ போயின. யாரோ ஒரு பையன் சிரித்தான். ஜெமிமா எழுந்து வந்துவிட்டாள்.

ஸ்கூட்டரில் வரும்போது முதுகுக்குப் பின்னால் இருந்து சொன்னாள்: "அப்பா, அந்தப் பியானோ பொய் சொல்லுது. நான் அமுக்குதது ஒண்ணு, அது சொல்லுதது ஒண்ணு."

புது இடம், பயம், வேறென்ன என்றேன். வீட்டுக்கு வந்ததும் கீபோர்டில் உட்கார்ந்து ஒரு பிழை இல்லாமல் வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்தீங்களா என்று கேட்கிற பார்வை.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஆராதனை. பாட்டுகளில் மனம் ஓடவில்லை. ஓட வேண்டிய அவசியமும் இல்லை, விரல் அதுவாகவே போய்விடும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஷீபா மிஸ் என்னை வரச் சொன்னார். நல்ல பெண்மணிதான். ஆனால் இன்று அவர் கேட்ட கேள்வியை என்னால் மறக்க முடியாது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வீடியோ... பாப்பாதான் வாசிச்சாளா? இப்பல்லாம் கீபோர்டுலயே பாட்டைப் பதிஞ்சு வெச்சு, மேல கைய மட்டும் ஆட்டுறாங்க. போன வருஷம் வேற ஒரு போட்டியில அப்படி நடந்துச்சு."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என் மகள் மோசடிக்காரியா? உங்கள் பியானோவில்தான் கோளாறு, முதலில் அதைச் சரி பாருங்கள், குழந்தையே சொல்கிறது என்று கத்திவிட்டேன். வராந்தாவில் போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள்.

மிஸ் பொறுமையாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து பியானோ சுருதி சேர்ப்பவர் வருகிறாராம், சாயங்காலம் ஜெமிமாவையும் கூட்டி வாருங்கள் என்றார். அதற்குப் பிறகும் அவளால் வாசிக்க முடியவில்லை என்றால் பெயரை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார். எடுத்தால் என்ன நினைப்பார்கள்? வீடியோ பொய் என்றுதான் நினைப்பார்கள். பத்து வயதுப் பிள்ளை அதைத் தாங்குவாளா?

பிப்ரவரி 9, வெள்ளி

சுருதி சேர்ப்பவர் பெயர் பெனடிக்ட். பியானோவின் மூடியைத் திறந்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தார். கச்சிதமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஜெமிமா மூலையில் நின்றாள். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, சுருதி பார்க்கும் இசைக்கவையை முழங்காலில் தட்டி அவள் காதருகே கொண்டுபோனார்.

"இது என்ன, சொல்லு பாப்போம்?"

"பி."

"இல்லம்மா, இது ஏ. உலகம் பூரா ஏ-தான்."

அவர் பியானோவில் ஒன்றை அமுக்கினார். இவள் திரும்பி நின்றுகொண்டு டி என்றாள். அவர் அமுக்கியது சி. அடுத்தது ஜி என்றாள், அவர் அமுக்கியது எஃப். ஏழெட்டு முறை இப்படியே. ஷீபா மிஸ் உதட்டைப் பிதுக்கினார். ஆனால் பெனடிக்ட் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், பாப்பா தப்பா சொல்லல. எல்லாத்தையும் சரியா ஒரு படி தள்ளிச் சொல்லுது. இப்படி ஒரு காதை நான் பார்த்தே நாளாச்சு. வீட்ல என்ன வாத்தியம்? டிரான்ஸ்போஸ் எதும் போட்டு வெச்சிருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

உடனே சொன்னேன். ஷீபா மிஸ் அங்கே நின்றுகொண்டிருந்தார். சர்ச்சில் பத்து வருடமாக வாசிக்கிறவன் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறான் என்று அவருக்குத் தெரிய வேண்டுமா? அதோடு, இல்லை என்று நினைத்துத்தான் சொன்னேன். வீட்டுக் கீபோர்டின் திரையே அணைந்து கிடக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கெப்படித் தெரியும்?

மிஸ் 19ஆம் தேதி, திங்கள்கிழமை வரை பார்க்கலாம் என்றார். அன்றுதான் கடைசி ஒத்திகை.

பிப்ரவரி 10, சனி

தண்ணீர் வந்தது. மூன்று குடம் பிடித்தேன். எழுத வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

சர்ச்சில் முதல் பாட்டுக்குப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினேன். புதுக் கீபோர்டின் நீலத் திரையில் "-2" என்று வந்தது. பத்து வருடமாகப் பார்க்கிற எண்தான். இன்று அது என்னையே பார்த்தது. ஐயரம்மா தலையசைத்தும் நான் ஆரம்பிக்கவில்லை, இரண்டாவது தடவை இருமிக் காட்டினார்கள்.

மதியம் குளோரியும் ஜெமிமாவும் துணி எடுக்கப் போனார்கள். நான் பழைய கீபோர்டைத் திறந்தேன். ஃபோனில் சரியான 'சி'யை ஒலிக்கவிட்டு, கீபோர்டில் 'சி'யை அமுக்கினேன். எனக்கே கேட்டது. இரண்டு அரைப்படி கீழே. அணைத்துப் போட்டாலும் கடைசியாக வைத்த இடத்திலேயே நிற்கிற சாதனம் அது. சபைக்காக நான் வைத்தது, வைத்தபடியே நின்றிருக்கிறது. என் மகள் நான்கு வருடமாக அதையே உண்மை என்று நம்பிப் பழகியிருக்கிறாள். அவள் தப்பாகக் கேட்கவே இல்லை.

கூட்டல் கழித்தல் பொத்தான் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அழுத்திவிட்டேன். இனிமேல் இதுவும் பள்ளிப் பியானோவும் ஒன்று. இரண்டு நாளில் காது பழகிவிடும். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பிரச்சினை தீர்ந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

நான் செய்தது எவ்வளவு பெரிய மடத்தனம்!

பள்ளிவிட்டு வந்தாள், பால் குடித்தாள், கீபோர்டில் உட்கார்ந்தாள். நான் அலுவலகத்தில் அனுமதி போட்டுவிட்டு வந்து பக்கத்து அறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டையை அமுக்கினாள். நிறுத்தினாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டு அமுக்கினாள்.

"அப்பா, இதுவும் கெட்டுப் போச்சு."

நான் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினேன்.

அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசிலடித்தது. ஜெமிமா 'ஈ'யை அமுக்கினாள். அடுத்த விசிலுக்குக் காத்திருந்து மறுபடி அமுக்கினாள். பிறகு அடுப்படிக்குப் போய் குளோரியின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, குக்கர் ஈ-லதான அடிக்கும்? இப்ப ஈ-ய அமுக்குனா குக்கர் இல்லம்மா. பியானோவும் இல்ல, கீபோர்டும் இல்ல. எனக்குத்தான் காதுல என்னமோ ஆயிட்டு."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. தொண்டைக்குள்ளேயே அழுதாள். அவளுக்கு மிச்சமிருந்த ஒரே இடம் அந்தக் கீபோர்டு. அதையும் நேற்று நான்தான் எடுத்துக்கொண்டேன்.

"சரியாப் போயிரும்மா" என்றேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஜெமிமா கீபோர்டின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டாள். காதுக்குள் விரலை விட்டுவிட்டு எடுக்கிறாள். வகுப்பில் மிஸ் கூப்பிட்டது கேட்கவில்லை என்றாளாம். காதுக்கு என்ன வந்தது? எல்லாம் பயம். குளோரி காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாளைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

அவ்வளவு அவசரமா என்று கேட்டேன். "பிள்ள காது கேக்கலங்கா, அவசரமாங்கீங்க" என்றாள்.

பிப்ரவரி 14, புதன்

இன்று சாம்பல் புதன். சாயங்கால ஆராதனைக்கு நான் வாசிக்க வரமுடியாது என்று ஐயரம்மாவிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனோம்.

கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் ஜெமிமாவை உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். வெளியே நாங்கள். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைத் தூக்கினாள், தூக்கினாள், தூக்கிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் எங்கே ஒன்றை விட்டுவிடுவோமோ என்ற பயம் அந்த முகத்தில் தெரிந்தது. பரீட்சை எழுதுகிறாள் பிள்ளை, நான் வைத்த பரீட்சை. குளோரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "தங்கமான காதும்மா. இதுல ஒரு குறையும் இல்ல" என்றார். ஜெமிமா அதை நம்பவில்லை. காது நன்றாக இருந்தால் வேறு எது கெட்டுப்போயிருக்கிறது என்று யோசிப்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் குளோரி ஜெமிமாவின் சீருடையை இஸ்திரி போட எடுத்தாள். அவள் எதிரே நின்று சொன்னேன். பொத்தானைச் சொன்னேன். பெனடிக்ட் கேட்டதையும் நான் இல்லை என்றதையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்ததையும் சொன்னேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வெள்ளிக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"சந்தேகமாத்தான்..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

மேலே இருக்கிற வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் நினைத்துத்தான் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். அவர் டிரான்ஸ்போஸ் என்று வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. டைரியிடமே பொய் சொல்கிறவன் பெனடிக்டிடம் சொன்னதில் என்ன ஆச்சரியம்?

"ஒரு பொத்தான். ஒரு பொத்தானச் சொல்லுததுக்கு அஞ்சு நாளு. பிள்ளைய அந்தக் கூண்டுக்குள்ள உக்கார வெச்சுப் பாத்துக்கிட்டு நின்னீங்களே!" குளோரி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போய் அவகிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

ஜெமிமா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கீபோர்டின் துணியை எடுத்துவிட்டுப் பொத்தானைக் கீழே இரண்டு தடவை அழுத்தி, சி-யை அமுக்கிக் காட்டினேன். அவள் சட்டென்று திரும்பினாள். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி அமுக்கினேன். அப்பா எப்போதும் இந்தப் பொத்தானை வைத்துத்தான் வாசிக்கிறேன், எனக்கு வெள்ளைக் கட்டை மட்டும்தான் தெரியும், வேறு எந்தச் சுருதியிலும் எனக்கு வாசிக்கத் தெரியாது என்றேன். குளோரியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அவள் எழுந்து வந்து பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தி சி-யை அமுக்கிப் பார்த்தாள்.

"அப்ப நான் சொன்னதுதான் சரியா?"

"சரிதாம்மா."

"அப்ப நான் வெச்ச பேரெல்லாம்? குக்கரு, சங்கு, எல்லாம் தப்பா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. வெளியே போங்க என்றாள். போனேன்.

பிப்ரவரி 15, வியாழன்

(இந்தப் பக்கத்தில் என் எழுத்து இல்லை. ஜெமிமா பள்ளிக்குப் போகுமுன் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்.)

குக்கர் – முன்னால ஈ, இப்ப டி
கேஸ் ஸ்பேனர் – முன்னால ஜி, இப்ப எஃப்
சங்கு – முன்னால ஏ, இப்ப ஜி
அப்பா தும்மல் – முன்னால சி. இப்ப வெள்ளைல இல்ல. மூணு கறுப்பு சேந்து இருக்குல்ல, அதுல கடைசி. பேர் தெரியல.

பிப்ரவரி 16, வெள்ளி

கறுப்புக் கட்டைகளுக்கு நான் அவளுக்குப் பெயரே சொல்லிக் கொடுக்கவில்லை. துணியால் துடைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இணையத்தில் பார்த்து, அது பி ஃபிளாட் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவள் பென்சில் பெட்டியில் வைத்தேன். என்னோடு பேசுவதில்லை. இந்த டைரியில் வேறு எந்தப் பக்கங்களைப் படித்தாளோ தெரியவில்லை.

பிப்ரவரி 17, சனி

ஷீபா மிஸ்ஸிடம் மூவரும் போனோம். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவர் மேசையில் இருந்த சாக்பீஸ் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோவைச் சந்தேகப்பட்டதற்கு அவர் ஜெமிமாவிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கத்தியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆனால் அதோடு முடியவில்லை. ஜெமிமாவின் காதில் இருக்கிற 'ஓடம்' நிஜப் பியானோவில் வர வேண்டுமென்றால் எல்லா விரலும் இடம் மாற வேண்டும். கறுப்புக் கட்டையில் ஆரம்பிக்க வேண்டும்.

"ஒரு வாரம்தான் இருக்கு. பெரியவங்களுக்கே கஷ்டம் சார்" என்றார் மிஸ்.

வீட்டுக் கீபோர்டை மேடையில் வைத்து வாசிக்கலாமா, நானே தூக்கி வருகிறேன் என்றேன். ஜெமிமா வேண்டாம் என்று தலையாட்டினாள். எழுந்து பியானோ பக்கம் போனாள். கண்ணை மூடிக்கொண்டு 'ஓடம்' முதல் வரியை மெதுவாக முனகினாள். ஒரு விரலால் தேடினாள். வெள்ளை, இல்லை. வெள்ளை, இல்லை. கறுப்பு. நின்றாள். அங்கிருந்து அடுத்ததைத் தேடினாள். நான்கு சுரம் வந்தது. மிஸ் என்னைப் பார்த்தார், பிறகு கடைசி ஒத்திகையைத் திங்களிலிருந்து வியாழனுக்குத் தள்ளினார்.

கிளம்பும்போது, பெற்றோர் நிகழ்ச்சியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"பேர் இருக்கட்டும் மிஸ்" என்றாள் ஜெமிமா. மூன்று நாளில் என்னைப் பற்றி அவள் பேசிய முதல் பேச்சு.

பிப்ரவரி 20, செவ்வாய்

கீபோர்டைப் பூஜ்யத்திலேயே வைத்துப் பழகுகிறாள். முதல் பாதி வந்துவிட்டது. இரண்டாம் பாதியில் இடது கை பழைய இடத்துக்கே ஓடுகிறது. நான் சொல்லிக் கொடுத்த இடம். இருபது தடவை விழுந்தாள், இருபது தடவையும் முனகிப் பார்த்துவிட்டு மறுபடி எழுந்தாள். எனக்கு உதவத் தெரியவில்லை. டீ போட்டேன், தண்ணீர் பிடித்தேன், பூண்டு உரித்தேன். குளோரி பார்த்துவிட்டு, "இவ்வளவு பூண்டு எதுக்கு?" என்றாள்.

பிப்ரவரி 21, புதன்

என்னைக் கூப்பிட்டு கீபோர்டு முன்னால் உட்கார வைத்தாள். எங்கள் நிகழ்ச்சிக்கு அவளே ஒரு மெட்டுப் போட்டிருக்கிறாள். குக்கரும் ஸ்பேனரும் சங்கும் அதில் வருகின்றன. எனக்கு இரண்டே கட்டை. ஒன்று என் தும்மல், மூன்று கறுப்பில் கடைசி. இன்னொன்று ஸ்பேனர், அது வெள்ளை. இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்க வேண்டும். அவ்வளவுதான், அதற்கே எனக்கு வியர்த்தது. விரல் நழுவி 'சி'க்குப் போகிறது. "அங்க போவாதீங்கப்பா" என்று பதினோரு தடவை சொன்னாள்.

அப்பா என்று சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 22, வியாழன்

கடைசி ஒத்திகை. ஓரிடத்தில் விழுந்தாள். பெயர் இருக்கிறது.

பிப்ரவரி 23, வெள்ளி

அலுவலகத்தில் இரண்டு கப்பலின் தாள்களை மாற்றிக் கட்டிவிட்டேன். ஸ்கூட்டரில் வரும்போது மூன்று கறுப்பு, கடைசி, மூன்று கறுப்பு, கடைசி என்று சொல்லிக்கொண்டே வந்து சிக்னலைத் தாண்டிவிட்டேன். குளோரி மோர் கொடுத்தாள்.

பிப்ரவரி 24, சனி

அரங்கில் முந்நூறு பேர் இருப்பார்கள். இரண்டாவது வரிசையில் ஐயரம்மா. குளோரிதான் அழைத்திருக்கிறாள். வேண்டுமென்றேதான் அழைத்திருப்பாள்.

ஜெமிமா ஏழாவது. மேடையில் போய் உட்கார்ந்தாள், கையை வைத்தாள். வைத்தது 'சி'யில். என் இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. குளோரியின் விரல்களை நான் நெரித்துவிட்டேன். ஒரு சுரம் ஒலித்தது, அவள் கையை எடுத்தாள். முதல் ஒத்திகையில் சிரித்த பையன் மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். எழுந்து வந்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

எழவில்லை. கண்ணை மூடினாள். முனகுகிறாள் என்று தெரிந்தது. கட்டைவிரலைக் கறுப்புக்குக் கொண்டுபோனாள், ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு பாட்டு எனக்குப் பாதிதான் கேட்டது, அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதியில் ஓரிடத்தில் தட்டியது. நிற்காமல் போனாள். முடித்தபோது ஷீபா மிஸ்தான் முதலில் எழுந்து கைதட்டினார். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

பிறகு பெற்றோர் நிகழ்ச்சி. எங்கள் பெயரைச் சொன்னார்கள். ஒரே பலகையில் இருவரும் உட்கார்ந்தோம். இவ்வளவு கட்டைகளை நான் ஒருசேரப் பார்த்ததே இல்லை. மூன்று கறுப்பு எங்கே என்று தேடினால் எல்லா இடத்திலும் மூன்று கறுப்பாக இருக்கிறது. ஜெமிமா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

என் இடது கை தூக்கிக்கொண்டு மேலே போனது. கட்டைகளுக்கு மேலே, வலது பக்கம், பத்து வருடமாக ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் போகிற இடம். டிரான்ஸ்போஸ் பொத்தானைக் கீழே இரண்டு தடவை அழுத்துவதற்காகப் போயிருக்கிறது. அங்கே வழவழவென்று மரம்தான் இருந்தது. முந்நூறு பேர் முன்னால் என் விரல் அந்த மரத்தைத் தடவிக்கொண்டு நின்றது.

ஜெமிமா பார்த்துவிட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"அங்க ஒண்ணும் இல்லப்பா."

என் விரலைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து கறுப்புக் கட்டையின் மேல் வைத்தாள். "இங்க" என்றாள்.

அமுக்கினேன்.